காருக்கு டயர், ரிம் மாத்தும்போது ஸ்பீட் மீட்டர் பொய் சொல்லாம பாத்துக்கிறது எப்படி

நம்ம மலையகத்துல கார் வச்சிருக்கிறவங்க டயர் மாத்தப் போனா ரெண்டு ஆசையில ஒன்னு கட்டாயம் வந்துரும். ஒன்னு, தோட்டத்து ரோட்டுல அடி தட்டுது, கொஞ்சம் உசரமான டயரா போட்டுட்டா நிம்மதின்னு. இன்னொன்னு, அலோய் வீல் போட்டு பாக்க எடுப்பா ஆக்கிரணும்னு. ரெண்டும் தப்பில்ல. ஆனா ரெண்டுலயும் ஸ்பீட் மீட்டர் கணக்கு அசையும், அது அசைஞ்சா கிலோமீட்டர் கணக்கும் அசையும், பெட்ரோல் எவ்வளவு குடிக்குதுன்னு நாம போடுற கணக்கும் பொய்யாகும், ஏத்தத்துல இழுவை கூட மாறிப்போகும். கடையில நிக்கிற தம்பிகிட்ட கேட்டா "அதெல்லாம் ஒன்னும் ஆகாதுண்ணே, எல்லாரும் இதத்தான் போடுறாங்க"ன்னு சொல்லுவாரு, அவரச் சொல்லி குத்தமில்ல, அவருக்கு கடையில இருக்குற டயர விக்கணும். கணக்கு பாக்க வேண்டியது நாமதான். கணக்கும் பெரிசா ஒன்னும் இல்ல, போன்ல இருக்குற கல்குலேட்டர் போதும்.

முதல்ல மீட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துருவோம். வண்டிக்கு தான் எவ்வளவு தூரம் போச்சுன்னு நேரடியா தெரியாது, சில்லு எத்தன சுத்து சுத்துச்சுன்னு மட்டும்தான் தெரியும். பழைய வண்டின்னா கியர்பொக்ஸ்ல இருந்து ஒரு கேபிள் மீட்டர் வரைக்கும் வரும், அதுக்குப் பிறகு வந்ததுல சென்சர், இப்ப வர்றதுல அநேகமா பிரேக் பூட்டிக்காம பாக்குற ஏபிஎஸ்ஸோட சில்லு சென்சர்லயே எடுத்துக்குது. எதுல எடுத்தாலும் கதை ஒன்னுதான், "ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்"னு கம்பனிக்காரன் ஒரு எண்ண உள்ள வச்சிருக்கான், சுத்த அதால பெருக்கி ஸ்பீட் காட்டுது. நீங்க உசரமான டயர் போட்டா ஒரு சுத்துக்கு வண்டி கூட தூரம் போகும், ஆனா மீட்டருக்கு அது தெரியாதே, அதனால உண்மையான ஸ்பீட விட குறைச்சு காட்டும். சின்ன டயர் போட்டா அப்படியே மறுபக்கம், கூட்டிக் காட்டும்.

குறைச்சு காட்டுறதுதான் ஆபத்து. நம்ம இலங்கையில காருக்கு டவுனுக்குள்ள 50, வெளிய 70, எக்ஸ்பிரஸ்வேல 100. மீட்டர்ல 70ன்னு பாத்துட்டு நீங்க நல்ல பிள்ளையா வர்றீங்க, அவிசாவளைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவுல பொலிஸ்காரர் ஸ்பீட் அளக்குற கன்ன பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, அவரு கன்னுக்கு உங்க டயர் சைஸ் தெரியாது, உண்மையான ஸ்பீடுதான் தெரியும்.

இப்ப டயர் சைஸ் எப்படி வாசிக்கிறதுன்னு. டயர் பக்கத்துல 165/70 ஆர் 14ன்னு இருக்கும்ல, 165ன்னா டயரோட அகலம் மில்லிமீட்டர்ல. 70ன்னா பக்கச்சுவரோட உசரம் அந்த அகலத்துல 70 சதவீதம், அதாவது 115.5 மிமீ. இத நிறைய பேர் 70 மில்லிமீட்டர்னு நினைச்சுக்கிறாங்க, இல்ல, அது சதவீதம், அகலம் மாறினா அதுவும் மாறும். ஆர்ன்னா ரேடியல், 14ன்னா ரிம் எத்தன இஞ்சின்னு. ஒரு இஞ்சி 25.4 மிமீ. ஆக மொத்த உசரம் கண்டுபிடிக்க ரிம் இஞ்சிய 25.4ஆல பெருக்கணும், அதோட பக்கச்சுவர ரெண்டு தரம் கூட்டணும், மேல ஒன்னு கீழ ஒன்னு இருக்குதுல்ல. 14 தர 25.4, 355.6. அதோட 115.5 ரெண்டு தரம், 231. மொத்தம் 586.6 மிமீ. இதுதான் உங்க டயரோட உசரம், இந்த ஒரு எண்தான் மீட்டருக்கு முக்கியம், அகலமோ ரிம் இஞ்சியோ தனியா மீட்டர ஒன்னும் பண்ணாது.

இதுல இருந்து ஒரு விஷயம் விளங்கும். "15 இஞ்சி போட்டா மீட்டர் மாறிடும்"னு சொல்றதும் தப்பு, "14க்கு 14 தானே போடுறேன், ஒன்னும் ஆகாது"ன்னு சொல்றதும் தப்பு. 165/70/14 இருந்த டொயோட்டா விட்ஸ் ஒன்னுக்கு 185/55/15 போட்டா உசரம் 584.5, வித்தியாசம் அரை சதவீதம் கூட இல்ல, மீட்டருக்கு தெரியவே தெரியாது. அதே வண்டிக்கு ரிம்ம மாத்தாம 14லயே 185/70 போட்டுப் பாருங்க, 614.6 வருது, கிட்டத்தட்ட 5 சதவீதம் கூட. ரிம் அதேதான், மீட்டர் போச்சு.

சதவீதம் எடுக்குறது எப்படின்னா புதுசோட உசரத்த பழைய உசரத்தால வகுங்க. 614.6 வகு 586.6, 1.048 வரும். மீட்டர் காட்டுறத இதால பெருக்கினா புது டயரோட உண்மை ஸ்பீட் கிடைக்கும். மீட்டர்ல 70ன்னா உண்மையில 73 தாண்டியிருக்கு.

இங்க ஒரு விஷயம், எந்தச் சைஸோட ஒப்பிடுறீங்கங்கிறது முக்கியம். இப்ப வண்டியில மாட்டியிருக்குற டயரோட ஒப்பிடாதீங்க, கம்பனி சைஸோட ஒப்பிடுங்க. வாகன இறக்குமதி 2020 மார்ச்ல நிறுத்தினாங்க, தனிப்பட்ட வண்டிக்கு திரும்ப திறந்துவிட 2025 பெப்ரவரி ஆச்சு, அந்த அஞ்சு வருஷமும் இங்க ஓடினதெல்லாம் ஏற்கனவே நாட்டுல இருந்த வண்டிதான், கை மாறி கை மாறி வந்தது, யாரு எந்தச் சைஸ் மாட்டி வச்சாங்கன்னு யாருக்கு தெரியும். டிரைவர் பக்கத்து கதவ திறந்தா கதவு சாத்துற தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஜப்பான் வண்டின்னா ஜப்பான் எழுத்துல இருக்கும், பயப்படாதீங்க, சைஸும் காத்தும் நம்பர்லதான் இருக்கும். சில வண்டிக்கு அதுல ரெண்டு சைஸ் போட்டிருக்கும், கம்பனியே ஒத்துக்கிட்டது, அதுல ஒன்ன எடுத்தா தலைவலியே இல்ல.

எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் பரவாயில்ல? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லுவாங்க, கூட ஆனாலும் குறைஞ்சாலும் 3 சதவீதம்னு நிறைய பேர் சொல்லுவாங்க. நான் அத ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி எடுக்க மாட்டேன். கூடப் போறதுன்னா ஒன்று, ஒன்றரை சதவீதத்தோட நிறுத்திக்கிறது நல்லது, குறையப் போறதுன்னா 2, ரெண்டரை வரைக்கும் போகலாம். காரணம், கம்பனிக்காரனே மீட்டர கொஞ்சம் கூட்டிக் காட்டுற மாதிரித்தான் செஞ்சு விடுறான். ஐக்கிய நாடுகள் வாகன ஒழுங்குவிதி 39ன்னு ஒன்னு இருக்கு, அதுப்படி மீட்டர் உண்மையான ஸ்பீட விட ஒருநாளும் குறைச்சு காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம், எவ்வளவுன்னா உண்மை ஸ்பீட்ல பத்துல ஒரு பங்கும் அதோட 4 கிலோமீட்டரும். உண்மையில 60ல போனா மீட்டர் 70 வரைக்கும் காட்டினாலும் அது சரிதான். அதனாலதான் புது வண்டியில கூட போன்ல இருக்குற ஜிபிஎஸ் 66ன்னு காட்டும்போது மீட்டர் 70ன்னு நிக்கும்.

இத வச்சு நம்ம பசங்க ஒரு வாதம் வச்சிருக்காங்க, "பெரிய டயர் போட்ட பிறகுதான் மச்சான் மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் ஒன்னா வருது, அப்ப இதுதானே சரி"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த இடைவெளிய கம்பனிக்காரன் சும்மா வைக்கல. டயர் தேய்ஞ்சா உசரம் குறையும், புதுசு போட்டா கூடும், கம்பனிக்கு கம்பனி ஒரே சைஸ் டயரே கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், இதெல்லாத்துக்கும் சேத்து வச்ச இடம் அது. அத முழுசா நீங்க தின்னுட்டா அடுத்த தடவ வேற கம்பனி டயர் கொஞ்சம் உசரமா வந்துச்சுன்னா மீட்டர் அந்தப் பக்கம் போயிரும். தேய்மானம் சின்ன விஷயம் இல்ல பாருங்க, புது டயர்ல ரோட்டுல படுற ரப்பர் கட்டை ஒரு 8 மிமீ உசரம் இருக்கும், ஓடு பள்ளத்துக்குள்ள இருக்குற அடையாளக் கட்டி 1.6 மிமீ, அது வரைக்கும் தேய்ஞ்சா மொத்த உசரத்துல 13 மிமீ கிட்ட போயிருது, விட்ஸ் டயர்ல அது 2 சதவீதத்துக்கும் மேல. அதாவது நீங்க ஒன்னுமே மாத்தாம இருந்தாலும் மொட்டை டயர கழட்டி அதே சைஸ்ல புதுசு போட்ட அன்னைக்கே மீட்டர் 2 சதவீதம் அசைஞ்சிருக்கும்.

சரி, நம்ம பக்கம் அடிக்கடி நடக்குற சில மாத்தல்கள பாப்போம், ஏன்னா சூத்திரம் சொன்னா யாரும் போட்டுப் பாக்க மாட்டாங்க.

சுசுகி வேகன் ஆர். 155/65/14 வர்ற வண்டிக்கு உசரம் 557.1. இதுக்கு விட்ஸ்ல கழட்டின 165/70/14 சும்மா கிடைக்குதுன்னு மாட்டினா 586.6, அஞ்சு சதவீதம் கூட, மீட்டர்ல 70ன்னா 73.7. அடி எவ்வளவு உசருதுன்னு பாத்தா வித்தியாசத்துல பாதிதான், 15 மிமீ கூட இல்ல, ஒரு விரல் தடிப்பு. அதுக்காக குடுக்குற விலை என்னன்னா அந்த 660 சிசி இஞ்சின் ஏத்தத்துல மூச்சு வாங்கும். டயர் உசர உசர கியர் நீளமாகுற மாதிரித்தான், கினிகத்தேனையில இருந்து ஹட்டன் ஏறும்போதோ றம்பொடை வளைவுல குடும்பத்தோட சாமான் சட்டியோட ஏறும்போதோ நல்லாவே தெரியும், முந்தி ஏறின இடத்துல இப்ப இன்னும் மிதிக்கணும். இறக்கத்துல இஞ்சின் பிடிக்கிறதும் அந்தளவுக்கு குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும், ஏன்னா அதே பிரேக் இப்ப பெரிய சில்ல பிடிச்சு நிறுத்தணும். கீழ்நாட்டுல தட்டையான ரோட்டுல ஓடுறவனுக்கு இது மீட்டர் பிரச்சினை மட்டும்தான், நமக்கு அதுக்கு மேல. வேகன் ஆருக்கு அலோய் ஆசை இருந்தா 165/55/15 பாருங்க, 562.5, ஒரு சதவீதம்தான் கூட. 14லயே கொஞ்சம் அகலம் வேணும்னா 165/60/14, 553.6, அரை சதவீதம் சொச்சம் குறைவு. ரெண்டுமே நல்ல கணக்கு.

விட்ஸுக்கு டொயோட்டா அக்வா ரிம். இது ரொம்ப நடக்குது, ஏன்னா ரெண்டும் நாலு நட்டு, நட்டு இருக்குற வட்டம் (பி.சி.டி) 100 மிமீ, நடு ஓட்டையும் 54.1, அப்படியே போய் உக்காரும். கராஜ் பாஸும் "சரியா இருக்கு, எடுங்க"ம்பாரு. ஆனா அக்வால வர்ற 175/65/15 டயரோட சேத்து மாட்டினா 608.5, விட்ஸோட 586.6க்கு 3.7 சதவீதம் கூட. ரிம்ம எடுங்க, டயர எடுக்காதீங்க. அந்த 15 ரிம்முக்கு 175/60 போட்டா 591, முக்கால் சதவீதம்தான், 185/55ன்னா முன்ன சொன்ன மாதிரி 584.5. சாமான் பொருந்துறதும் மீட்டர் பொருந்துறதும் வேற வேற விஷயம்னு இந்த ஒன்னுலயே விளங்கிரும்.

ஹோண்டா ஃபிட் வச்சிருக்கிறவங்க 185/60/15ல இருந்து 185/55/16க்கு போனா 603ல இருந்து 609.9, ஒரு சதவீதம் சொச்சம், பரவாயில்ல. ஆனா ஹோண்டாவோட நடு ஓட்டை 56.1, டொயோட்டா ரிம் 54.1, டொயோட்டாவோட ஒரிஜினல் ரிம் ஹோண்டால ஏறவே ஏறாது. மறுபக்கம் ஹோண்டா ரிம்ம டொயோட்டால போட்டா ஏறும், ஆனா 2 மிமீ ஆட்டம் இருக்கும், அதுக்கு நடுவுல வளையம் ஒன்னு போடணும், ஹப் ரிங்னு கேட்டா குடுப்பாங்க. போடாம விட்டா 70, 80ல ஸ்டியரிங் நடுங்கும், பேலன்ஸ் எத்தன தரம் பண்ணாலும் போகாது.

ஹயர் ஓடுற வேன்காரங்களுக்கு. கேடிஎச்ல, அதாவது டொயோட்டா ஹயஸ் வேன்ல வர்ற 195/80/15 எல்டி (பாரம் தாங்குற) டயர் உசரம் 693. 16 அலோய் ஆசைன்னா 215/65/16, 685.9, ஒரு சதவீதம் குறைவு, நல்லது. ஆனா அது வேனுக்குன்னு செஞ்ச பார டயரா இருக்கணும், அதே சைஸ்ல ஜீப்புக்கும் காருக்கும் வர்ற மெல்லிசு டயர் இருக்கு, விலை குறையுதுன்னு அத மாட்டிக்கிட்டு பதினாலு பேர ஏத்தி ஹப்புத்தளையில இருந்து பெரகலைக்கு இறங்காதீங்க. இன்னொன்னு, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு காசு வாங்குறவங்க உசரமான டயர் போட்டா கிலோமீட்டர் மீட்டரும் குறைச்சுத்தான் எண்ணும், 4 சதவீதம் உசரம் கூடினா 100 கிலோமீட்டர் ஓடினதுக்கு 96ன்னு காட்டும், நஷ்டம் உங்களுக்குத்தான். சின்ன டயர் போட்டா நஷ்டம் ஏறி வர்றவங்களுக்கு, அத அவங்க கண்டுபிடிக்கிறதுக்கு இப்ப எல்லார் கையிலயும் மேப் இருக்கு.

டயர்ல சைஸுக்கு பிறகு ஒரு நம்பரும் எழுத்தும் இருக்கும், 75எஸ், 81எஸ், 84எச் அப்படின்னு. நம்பர் பாரம், எழுத்து ஸ்பீட். 75ன்னா ஒரு டயர் 387 கிலோ தாங்கும், 81ன்னா 462, 84ன்னா 500. எஸ்ன்னா 180 கிலோமீட்டர் வரைக்கும், எச்ன்னா 210. ஸ்பீட் எழுத்து நமக்கு பெரிய விஷயம் இல்ல, நானுஓயாவுல யாரு 180ல போகப் போறா, ஆனா பார நம்பர் கதவு ஸ்டிக்கர்ல இருக்குற சைஸுக்கு வந்த நம்பர விட குறையவே கூடாது. அகலம் கூடி பக்கச்சுவர் குறையும்போது சில நேரம் இந்த நம்பர் குறைஞ்சுரும், உசரக் கணக்கு சரியா வந்துருச்சேன்னு சந்தோஷத்துல இத பாக்காம விட்டுறாதீங்க.

ரிம் மாத்துறவங்களுக்கு இன்னும் கொஞ்சம். ரிம்முக்கு பின்னால 6ஜே, இ.டி 38ன்னு அடிச்சிருக்கும். 6ஜேன்னா ரிம்மோட அகலம் 6 இஞ்சி. இ.டிங்கிறது ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல ஒட்டுற முகம் எத்தன மில்லிமீட்டர் வெளிப்பக்கமா இருக்குன்னு. இந்த நம்பர் குறையக் குறைய சில்லு வெளிய தள்ளும். 5ஜே இ.டி 39 இருந்த இடத்துல 6ஜே இ.டி 38 போட்டா வெளிப்பக்கம் 13.7 மிமீ வெளிய வரும், உள்பக்கம் 11.7 மிமீ உள்ள போகும், ஒரு இஞ்சில பாதி 12.7, அதுல இ.டி வித்தியாசத்த கூட்டிக் கழிச்சா வந்துரும். மீட்டருக்கு இதனால ஒன்னும் இல்ல, ஆனா நம்ம ரோட்டுல ஸ்டியரிங்க கடைசி வரைக்கும் திருப்ப வேண்டிய வளைவு எத்தன இருக்கு, அங்க மட்கார்ட் உள்ள உரசும். அதனால மாட்டின உடனே காசு குடுத்துட்டு வந்துறாதீங்க, கடை வாசல்லயே ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க, பின்னால ரெண்டு பேர ஏத்தி வச்சுக்கிட்டு ஒரு குழியில இறக்கிப் பாருங்க.

அகலத்தப் பத்தி என்னோட அபிப்பிராயம் ஒன்னு, கேக்குறவங்க கேளுங்க. மழை, மூடுபனி, தேயிலை லொறி கொட்டிட்டுப் போற சேறு, இதெல்லாம் இருக்குற ரோட்டுல கம்பனி அகலத்த விட 10 மிமீ கூட்டலாம், மிஞ்சினா 20. அதுக்கு மேல போனா தண்ணி தேங்கின இடத்துல டயர் தண்ணிய வெட்டாம மேல மிதக்கப் பாக்கும், ஸ்டியரிங்கும் கனக்கும். பக்கச்சுவரையும் ரொம்ப குறைக்காதீங்க. விட்ஸுக்கு 195/45/16 போட்டாலும் மீட்டர் கணக்கு அழகா வருது, 581.9, ஒரு சதவீதம் கூட இல்ல, ஆனா பக்கச்சுவர் 115.5 இருந்தது 88க்கு வந்துருச்சு. மஸ்கெலியா பக்கமோ பொகவந்தலாவை பக்கமோ தோட்டத்துக்குள்ள ரெண்டு கொங்கிரீட் பட்டையும் நடுவுல கல்லும் இருக்குற ரோட்டுல அந்த 88 மிமீ எத்தன நாளைக்கு நிக்கும்? ரிம் நெளியும், இல்லன்னா டயர் பக்கத்துல முட்டை மாதிரி வீங்கும், வீங்கின டயர் அவ்வளவுதான்.

பழைய ஜப்பான் டயர் வாங்குறவங்க ரெண்டு விஷயம் பாருங்க. டி.ஓ.டின்னு இருக்குற வரிசையோட கடைசி நாலு இலக்கம், 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது கிழமை செஞ்சது. அப்புறம் ஸ்டட்லெஸ்னு அடிச்சிருந்தா அது பனி கொட்டுற ஊருக்கு செஞ்சது, கட்டை நல்லா தடிப்பா, சின்னச் சின்ன கீறலா புதுசு மாதிரி இருக்கும், ஆனா ரப்பர் மெத்துன்னு, நுவரெலியா குளிருன்னாலும் அந்தக் குளிர் இதுக்குப் பத்தாது, சீக்கிரம் கரையும், ஈர ரோட்டுல பிடிமானமும் குறைவு. சியட் இங்க களனியிலயே செய்யிறாங்க, சின்ன சைஸ் எல்லாம் கிடைக்குது, நாலையும் ஒரே மாதிரி புதுசா போட வசதி இருந்தா பழசுல போய் விழ வேணாம்.

நாலும் ஒரே மாதிரின்னு சும்மா சொல்லல. முன்னுக்கு ஒரு சைஸ் பின்னுக்கு ஒரு சைஸ் போட்டா ஏபிஎஸ்ஸுக்கு சில்லெல்லாம் வேற வேற ஸ்பீட்ல சுத்துற மாதிரி தெரியும், மீட்டர்ல லைட் எரிய ஆரம்பிக்கலாம். ஃபோர் வீல் வண்டின்னா கியர் சாமானுக்கே கேடு. முன் சில்லு இழுக்குற பழைய வண்டியில மீட்டர் கியர்பொக்ஸ்ல இருந்து எடுக்குதுன்னா முன் டயர் உசரம் மட்டும்தான் மீட்டருக்கு கணக்கு, பின்னால எது இருந்தாலும் அதுக்கு தெரியாது, ஆனா அதுக்காக பின்னால கண்டதையும் மாட்டணும்னு இல்ல.

வாங்குறதுக்கு முன்ன ஒரு வேலை இருக்கு, நிறைய பேர் செய்யிறதில்ல. பழைய டயர் இருக்கும்போதே மீட்டர் எவ்வளவு கூட்டிக் காட்டுதுன்னு பாத்து எழுதி வச்சிருங்க. போன்ல ஜிபிஎஸ் ஸ்பீட் காட்டுற ஆப் ஏதாவது ஒன்ன போட்டுக்கிட்டு பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு அவர வாசிக்க சொல்லுங்க, நீங்க ரோட்ட பாருங்க. 40, 60 ரெண்டுலயும் ஸ்பீட அசையாம கொஞ்ச நேரம் பிடிக்கணும், ஜிபிஎஸ் ஒரு ரெண்டு செக்கன் பிந்தித்தான் காட்டும். நம்ம பக்கத்துல இதுக்கு இடம் கிடைக்கிறதுதான் கஷ்டம். ஏத்தம் இறக்கம் பெரிய பிரச்சினை இல்ல, பத்துக்கு ஒன்னு சரிவுல கூட அரை சதவீதம்தான் வித்தியாசம் வரும், வளைவும் மரநிழலும்தான் பிரச்சினை, வளைவுல ஜிபிஎஸ் மூலைய வெட்டிக் கணக்கு போடும். அதனால கீழ இறங்குற அன்னைக்கு அவிசாவளை தாண்டி நேரான இடத்துல பாருங்க, கண்டி பக்கத்து ஆளுங்க குருநாகல் மீரிகம எக்ஸ்பிரஸ்வேல ஏறினா அதவிட நல்ல இடம் வேற இல்ல, 80, 100 எல்லாம் பாத்துரலாம். ஓபிடியில, அதாவது வண்டி கம்பியூட்டர வாசிக்கிற சொக்கெட்ல சொருகுற சாமான் வச்சு பாத்தா போதாதான்னு கேக்காதீங்க, அது காட்டுறதும் சில்லு சுத்துற கணக்குதான், டயர் மாறினா அதுவும் சேந்து பொய் சொல்லும்.

வண்டிய ஓட்டாமலேயே பாக்கணும்னா இன்னொரு வழி இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப பிடிக்கும். மட்டமான சீமெந்து தரையில, பஸ் ஸ்டாண்டோ கோயில் முன்னாலயோ எதுன்னாலும் சரி, காத்து சரியா அடிச்சுக்கிட்டு டிரைவர் பக்கத்து முன் டயர் தரையில படுற இடத்துல டயர்லயும் தரையிலயும் சோக்கால ஒரு கோடு போடுங்க. ஒருத்தர் ஸ்டியரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு உள்ள இருக்கட்டும், இன்னொருத்தர் வண்டிய தள்ளட்டும், கோடு அஞ்சு தரம் சுத்தி திரும்ப தரைக்கு வர்ற இடத்துல இன்னொரு கோடு, ரெண்டுக்கும் நடுவுல டேப்ப வச்சு அளந்து அஞ்சால வகுத்தா ஒரு சுத்துக்கு எவ்வளவுன்னு கிடைச்சுரும். விட்ஸ் மாதிரி வண்டிக்கு 1.79 மீட்டர் கிட்ட வரும். உசரத்த 3.14ஆல பெருக்கினா 1.84ல வரணுமே, ஏன் குறையுதுன்னு யோசிப்பீங்க, வண்டி பாரத்துல டயர் அமுங்கியிருக்கு, அதனால ரேடியல் டயருக்கு 3.05 கிட்டத்தான் வரும். புது டயர் போட்ட பிறகு அதே இடத்துல அதே காத்துல திரும்ப அளங்க, ரெண்டையும் வகுத்தா வர்றதுதான் உண்மையான வித்தியாசம், பக்கத்துல அடிச்சிருக்குற சைஸ விட இதுதான் நம்பிக்கை. காத்து அடிக்கிறது காலையில டயர் சூடாகுறதுக்கு முன்ன, நுவரெலியா குளிர்ல காலையில 30 பிஎஸ்ஐ இருந்தது கொழும்பு வெயிலுக்கு இறங்கினா ரெண்டு மூனு கூடிக் காட்டும், அது தப்பில்ல, இறக்கி விட்றாதீங்க.

எல்லாம் பாத்தும் உசரமான டயர்தான் வேணும், எங்க தோட்டத்து ரோடு அப்படின்னா என்ன பண்றது? பழைய கேபிள் மீட்டர்னா கியர்பொக்ஸ் பக்கத்துல இருக்குற சின்னப் பல்சக்கரத்த பல் குறைஞ்சதா மாத்தலாம், தெரிஞ்ச பாஸ் இருந்தா. சில வண்டியில கம்பியூட்டர்லயே டயர் சைஸ் மாத்த இடம் இருக்கு, நம்மகிட்ட ஓடுற சின்ன ஜப்பான் வண்டியில அநேகமா அந்த வசதி இல்ல. மிச்சம், சதவீதத்த கணக்கு பாத்து 50க்கு 70க்கு மீட்டர்ல எந்த இடத்துல முள்ளு நிக்கணும்னு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வச்சுக்கிறதுதான், வேற யாராவது வண்டிய எடுத்தாலும் உதவும்.

கடைசியா நட்டு. ரிம் மாத்தினா பழைய நட்டு அப்படியே பொருந்தும்னு இல்ல. டொயோட்டா, ஹோண்டாவுக்கு மரை இடைவெளி 1.5 மிமீ, சுசுகி, நிசானுக்கு 1.25 மிமீ, ரெண்டும் 12 மிமீ தடிப்புன்னு மாத்தி முறுக்கினா மரை போயிரும். ஹோண்டா ஒரிஜினல் ரிம்முக்கு நட்டு உக்காருற இடம் உருண்டையா இருக்கும், வெளியில வாங்குற அலோய்க்கு கூம்பு. தப்பான நட்ட கடையில இருக்குற நட்டு முறுக்குற கன்ன வச்சு முறுக்கினா இறுகின மாதிரித்தான் தெரியும், ஒழுங்கா உக்காந்திருக்காது. விட்ஸ், அக்வாவுக்கு 103 நியூட்டன் மீட்டர், டோர்க் ரென்ச் இருக்குற கடையில போடுங்க, ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்ப இறுக்கிப் பாருங்க. பழைய நட்டுல நாலு டிக்கியில கிடக்கட்டும், ஸ்பெயார் வீல் இன்னும் பழைய இரும்பு ரிம்தானே, அலோய்க்கு வாங்கின நட்டு அதுக்கு பொருந்தலன்னா ராத்திரியில மழையில நடு வளைவுல நின்னுக்கிட்டு நட்டு தேட முடியாது.